பெண் வீட்டாரை உட்கார வைத்த பெஞ்சு

பழைய மரச்சாமான் விஷயத்தில் நான் கோட்டை விட்டதே கிடையாது, ஒரே ஒரு முறை தவிர. அந்த ஒரு முறையில் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

மலை பங்களாக்களில் வெள்ளைக்காரத் துரைகள் விட்டுப்போன ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் பாணிச் சாமான்கள் என்றால் எனக்குப் பித்து. எல்லாம் கைவேலை. மர மூட்டுகளையும் ஆப்புகளையும் மறைக்காமல் வெளியே தெரியும்படியே விட்டிருப்பார்கள். (போடியில் இதன் அருமை தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்ற கர்வம் வேறு.)

பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதற்கு இரண்டு நாள் முன்பு, குரங்கணிக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்துப் பழைய கொட்டகையில் அந்தப் பெஞ்சைக் கண்டேன். ஆறடி நீளம், ஈட்டி மரம், இரண்டு முனையிலும் தடித்த பிடிகள். ஏற்றும்போது ஜீப் டிரைவர், "தம்பி, நெசமாவே வீட்டுக்கா கொண்டு போறீக?" என்று கேட்டார். ரசனையில்லாத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எப்படியாவது அவர்களை அசத்திவிட வேண்டும். பெஞ்சுக்கு மெருகேற்றி, நடுக்கூடத்தில் போட்டு, பெண்ணின் தாய்மாமாவை அதில் உட்கார வைத்தேன். அவர் அந்த மலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர்.

"இந்தப் பிடியப் பாருங்க மாமா. நாலு பேரு சிரமமில்லாம தூக்குறதுக்குன்னே செஞ்சிருக்காக."

மாமா பிடியைத் தடவினார். குனிந்து அடியில் பார்த்தார். மெதுவாக எழுந்துகொண்டார்.

"ஆமா மாப்ளே, நாலு பேருதேன் தூக்குவோம். ஜீப்பு ரோடு வர்றதுக்கு முன்னாடி தோட்டத்துல யாரு செத்தாலும் இதுல கட்டித்தேன் கீழ எறக்குவோம். எங்க சித்தப்பாவையும் இதுலதேன் கொண்டாந்தோம். முன்பக்கம் வலது கைப்பிடி நாந்தேன்."

அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமாவின் மனைவி கேசரித் தட்டோடு எழுந்து நின்றார். அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

"அவ்வளவு பேரத் தூக்கியும் மூட்டு அசையல பாத்தீகளா மாமா" என்றேன்.

காபி குடிக்காமலே கிளம்பிவிட்டார்கள். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் பெண்ணே போன் செய்தாள். "மாமாவச் சரிக்கட்டிட்டேன். பெஞ்சு போகணும். நீங்க இருக்கலாம்."

அன்றைக்கே பெஞ்சு மலையேறியது. கல்யாணமும் ஜாம் ஜாமென்று நடந்தது. ஆனால் இன்றுவரை நான் எதை வாங்கி வந்தாலும் என் மனைவி வாசலிலேயே மறித்து, "இதுல கடைசியா படுத்தது யாரு?" என்று கேட்காமல் உள்ளே விடுவதில்லை. போன வாரம் நான் கொண்டு வந்தது ஒரு மேசை விளக்கு.