எட்டு ரிலேயும் இளவரசியின் பயோடேட்டாவும்

நெல்லிக்குப்பம்,
புதன்கிழமை.

அன்புள்ள மச்சான் சடையப்பனுக்கு, மாமா பொன்னுரங்கம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்காவும் நலம், தண்ணீர்த் தொட்டியும் நலம். சிதம்பரத்தில் உன் வீட்டிலும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். நீ போனை எடுக்காததால் கடிதம்.

நீ பார்த்துக் கொடுத்த சிதம்பரத்து மாப்பிள்ளை எழிலன் வீட்டார் ஞாயிறன்று எங்கள் மகள் இளவரசியைப் பெண் பார்க்க வந்தார்கள். நடந்ததை நீ அவர்கள் சொல்லித்தான் கேட்டிருப்பாய். உண்மை வேறு. என் பழைய கம்ப்யூட்டரின் முதுகில் பிரிண்டர் சொருகும் இருபத்தைந்து ஓட்டை இருக்கிறதல்லவா, அதில் எட்டு ஓட்டை நாம் சொல்லும் எண்ணுக்குத் தகுந்தாற்போல் கரண்ட் விடும். ஆலையில் முப்பத்தோரு வருஷம் மீட்டர் பார்த்தவன் சும்மா இருப்பேனா? பிரிண்டரைக் கழற்றிவிட்டு எட்டு ரிலே, அதாவது கரண்ட் வந்தால் தானே போட்டுக்கொள்ளும் ஸ்விட்ச், வைத்த போர்டை மாட்டினேன். ஒன்று என்றால் வாசல் மணி, நான்கு என்றால் ஃபேன், முப்பத்திரண்டு மிக்ஸி, அறுபத்து நான்கு மோட்டார்; ஐந்து என்றால் மணியும் ஃபேனும் சேர்ந்து ஓடும். ரிலே ஈடுகொடுக்கட்டும் என்று வினாடிக்கு ஒரு எண் மட்டும் போகும்படி செய்திருந்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா ராமாமிர்தம், "பொண்ணு பயோடேட்டா ஒரு காப்பி குடுங்க சம்பந்தி" என்றார். நானும் பெருமையாகப் பிரிண்ட் கொடுத்துவிட்டேன். பிரிண்டர் இருந்த இடத்தில் வீடு இருந்தது மறந்துவிட்டது. கம்ப்யூட்டருக்கு எழுத்தும் எண்தான் மச்சான். பயோடேட்டா முழுக்கப் பெரிய இங்கிலீஷ் எழுத்து. அதற்கு எண் அறுபத்தைந்தில்தான் தொடங்கும், அதனால் எந்த எழுத்து போனாலும் மோட்டார் ஓடும்; இடைவெளிக்கு முப்பத்திரண்டு, அது வந்தால் மிக்ஸி ஓடும். முதல் வரி இளவரசி பேர். அந்த ஒரு பேருக்கே வாசல் மணி நாலு தடவை அடித்தது, நாலு தடவையும் சம்பந்தியம்மா எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்த்தார். மிக்ஸிக்கு மூடி போடவில்லை, சட்னி உன் அக்கா பட்டுப்புடவையில். தொட்டி ஏற்கெனவே ரொம்பியிருந்துச்சா, வழிஞ்சு அவுங்க செருப்பு மேலேயே ஊத்துது. ராமாமிர்தம், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, சரியாப்பூடும்"னு அவரே கம்ப்யூட்டர் ஸ்விட்சுல கைய வச்சிட்டாரு. ஆன் ஆவும்போது எட்டும் ஒண்ணா ஓடும்னு எனக்குத் தெரியும், சொல்ல எங்க விட்டாரு? எட்டும் ஓடி முடிஞ்சு, அப்பாடான்னு உக்காந்தா, பாதியில நின்ன பிரிண்ட்ட கம்ப்யூட்டர் மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்குது. மணி நாலு தடவ. அந்தம்மா இந்தத் தடவையும் எழுந்துதான் போனாங்க.

வரும்போது சம்பந்தி என்றவர் போகும்போது சார் என்றார். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வார்களாம். இளவரசி மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. மனசு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது மச்சான். என்னால் அவளுக்கு வந்த இடம் கெட்டுப்போகக் கூடாது. நீ நேரில் போய், மாமா பைத்தியம் இல்லை, போர்டைக் கழற்றிச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டாயிற்று, இனித் தொடமாட்டார் என்று சொல்லு.

பிள்ளைகளுக்கு என் ஆசி. உன் வீட்டு மோட்டாருக்கு ஒரு கெடுதலும் வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
மாமா பொன்னுரங்கம்.

பி.கு.: இதை டைப் செய்து பிரிண்ட் கொடுத்தேன், மோட்டார் ஓடியது. ஆகவே கையால் எழுதியிருக்கிறேன். பரணில் சாக்கு மட்டும்தான் இருக்கிறது, போர்டு மறுபடி கம்ப்யூட்டரின் முதுகில். இளவரசியைக் கேட்டால் சிரிக்கிறாள். எழிலன் ஞாயிறு ராத்திரியிலிருந்தே அவளோடு போனில் பேசுகிறாராம். "ஆன் ஆவும்போது எட்டும் ஓடாம இருக்க ஒரு சிப்பு போதும், நான் எடுத்தாரேன், போர்ட கழட்ட வேணாம்னு அப்பாகிட்ட சொல்லு" என்றாராம். அப்பா என்றாராம் மச்சான். நீ யார் வீட்டுக்கும் போக வேண்டாம், ஞாயிறு இங்கே வா. மணியை அழுத்தாதே, கதவைத் தட்டு. மணி அடித்தால் எங்கள் வீட்டில் இப்போது யாரும் எழுந்திருப்பதில்லை.