மகளுக்காக நான் வாதாடிய செவ்வாய்க்கிழமை

ஊராருடைய மனுக்களை டைப் அடித்துக் கொடுப்பவனுக்குக் கொஞ்ச நாளில் ஒரு வியாதி வந்துவிடும். தானும் பாதிச் சட்டத்தரணி என்று நினைக்கத் தொடங்குவான். பொகவந்தலாவை பஸாரில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கும் எனக்கு அந்த வியாதி நன்றாக முற்றிப்போயிருந்த சமயத்தில்தான் இது நடந்தது.

எங்கள் மகள் கீர்த்தனாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. சத்தம் அவளுக்கு ஆகாது. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு சொன்னால், காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவாள். "கொஞ்ச நாளைக்கு வீட்டிலயே வச்சிருங்க" என்றார்கள் பாடசாலையில். அந்தக் கொஞ்ச நாள் இரண்டு வருஷமாகிவிட்டது. வீட்டில் தையல் வேலை செய்யும் என் மனைவி மல்லிகாதான் அவளுக்கு டீச்சர். நான் அதிபர். (அதாவது, பின்னால் கை கட்டிக்கொண்டு நடப்பேன்.)

அப்படியிருக்க வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கட்டாயக் கல்வி வயதில் உள்ள பிள்ளை பாடசாலைக்கு வராதது பற்றி விசாரிக்க, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு உத்தியோகத்தர் ஒருவர் வீட்டுக்கு வருவாராம்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அடுத்த காம்பராவில் இருக்கும் சரோஜாக்கா கடிதத்தைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"இப்புடித்தான் மொதல்ல வருவாங்க. அப்புறம் புள்ளைய எங்கயாவது தூரத்து ஹொஸ்டல்ல கொண்டுபோய் விட்ருவாங்க."

அன்று மல்லிகா சாப்பிடவில்லை. தையல் மெஷினில் உட்கார்ந்தபடி ஒரே ப்ளவுஸ் கையை மூன்று முறை பிரித்துப் பிரித்துத் தைத்தாள். "அவ ஒரு நாளும் என்னைய விட்டுத் தூங்குனதில்லீங்க" என்றாள். எனக்கும் பயம்தான். ஆனால் நான் பாதிச் சட்டத்தரணி அல்லவா? "பயப்படாத. நான் இருக்கேன்ல?" என்றேன். (அதைக் கேட்டுத்தான் அவளுக்கு உண்மையான பயம் வந்ததாகப் பிற்பாடு சொன்னாள்.)

கடையில் கிடந்த சிறுவர் உரிமைக் கையேடு ஒன்றைக் கரைத்துக் குடித்தேன். முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் பூசினேன். எல்லாம் முக்கியமாகப் பட்டதால் புத்தகமே மஞ்சளாகிவிட்டது. இருபது நிமிஷ உரை ஒன்றை மனப்பாடம் செய்தேன். மூன்று தீர்மானங்கள் எடுத்தேன்: உட்காரக் கூடாது, சிரிக்கக் கூடாது, தமிழைத் தவிர வேறு மொழி பேசக் கூடாது. பஸாரில் பிழைப்பவனுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் அரசாங்க உத்தியோகத்தரோடு தமிழில் பேசுவது என் உரிமை என்று படித்துவிட்ட பிறகு சும்மா இருக்க முடியுமா?

செவ்வாய்க்கிழமை காலை என் கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டேன். பொத்தான் போடவில்லை. போட முடியவில்லை. முன் அறையில் கரும்பலகை, பாட நேரசூசி, ஓர் உலக உருண்டை. நடுவில் கீர்த்தனாவைப் புத்தகத்தோடு உட்கார வைத்தோம்.

பத்து மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போதே ஒருவர் வாசலில் நின்றார். நடுத்தர வயது, தோளில் பை, கையில் ஒரு கறுப்பு மெஷின், கழுத்தில் அடையாள அட்டை. எங்கள் சுவரை மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். (வீட்டின் நிலைமையை மதிப்பிடுகிறாராம்!)

"வாங்க சேர், உங்களத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருந்தோம்" என்று கையைப் பிடிக்காத குறையாக உள்ளே அழைத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"மஹத்தயா, பொட்டக்..." என்று, அதாவது 'ஐயா, கொஞ்சம்...' என்று, அவர் சிங்களத்தில் தொடங்கினார்.

"தமிழ்ல பேசுங்க சேர். அது என்னோட உரிமை."

"ஹரி, ஹரி" என்று சிங்களத்திலேயே 'சரி' சொல்லி அடங்கிவிட்டார். முதல் வெற்றி! உரையை அவிழ்த்துவிட்டேன்.

"அஞ்சு வயசுல இருந்து பதினாறு வயசு வரைக்கும் படிப்பு கட்டாயம்னு சட்டம் சொல்லுது. ஒத்துக்கிறேன். ஆனா எம் புள்ளைக்குத் தோதா நீங்க என்னா செஞ்சீங்க? சத்தமில்லாத ஒரு தனி ரூம் குடுத்தீங்களா?"

"நே, மஹத்தயா."

"பரீட்சைக்குக் கூடுதல் நேரம் குடுத்தீங்களா?"

"நே, நே."

"அப்ப தப்பு யார் பக்கம்?"

அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். நான் கேட்ட எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று ஒப்புக்கொள்ளும் அதிகாரியை இந்த நாடு கண்டதுண்டா? வாசலில் கூடியிருந்த லயத்து ஆட்களைப் பார்க்கப் பார்க்க என் குரல் ஏறிக்கொண்டே போனது. மேசையைத் தட்டினேன். உலக உருண்டை உருண்டு கட்டிலுக்கடியில் போனது. யாருக்காகக் கத்துகிறேனோ அந்தப் பிள்ளை, இரண்டாவது நிமிஷமே காதைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டதைக்கூட நான் கவனிக்கவில்லை.

அடுப்படியில் நடந்ததை மல்லிகா சொல்லித்தான் பிற்பாடு அறிந்தேன். அவள் 'ஆபிசருக்கு' தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது, பின்கதவு வழியாகக் குடையோடு ஓர் அம்மா எட்டிப் பார்த்தார். முன் பக்கம் ஏதோ சண்டை நடப்பதாக நினைத்துச் சுற்றி வந்தவர் அவர். கல்யாணத்துக்கு ப்ளவுஸ் தைக்கக் கொடுக்கத் தோட்டத்தின் கீழ் டிவிசனிலிருந்து ஒருவர் வருவதாக இருந்ததால், இவர்தான் அவர் என்று மல்லிகா முடிவு கட்டிவிட்டாள்.

"வாங்கக்கா. இன்னைக்கு வீட்டுல பெரிய பிரச்சின. மக அளவு எடுப்பா, கொஞ்சம் நில்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியோடு முன்னால் வந்துவிட்டாள்.

"நான் வந்து..." என்று அந்த அம்மா வாயெடுத்தார்.

"பேசாதீங்க. அளவு மாறிரும்" என்றாள் கீர்த்தனா, டேப்பை விரித்தபடி.

நெஞ்சு, இடுப்பு, கை நீளம் என்று ஒவ்வொன்றாக அளந்து கொப்பியில் எழுதினாள். தையலுக்கு எவ்வளவு விட வேண்டும் என்று கூட்டினாள். எத்தனை மீட்டர் துணி தேவை என்று கணக்குப் போட்டாள். "மூச்ச உள்ள இழுக்காதீங்க. அப்புறம் ப்ளவுஸ் கிழிஞ்சிரும்" என்று எச்சரித்தாள். அந்த அம்மா சிரிப்பை அடக்க முடியாமல், கொப்பியை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். இரண்டு வருஷக் கணக்கும் தமிழும் படங்களும் அதில் இருந்தன. மல்லிகா திரும்பி வந்தபோது, "நீங்கதான் சொல்லிக் குடுக்கிறீங்களா? நான் விசேட கல்விப் பிரிவுல இருந்து வர்றேன். பேரு புனிதா" என்றார்.

மல்லிகா முன்னறைக்கு ஓடிவந்து என் கோட்டை இழுத்தாள்.

"என்னங்க, ஆபிசர் அடுப்படியில நிக்கிறாங்க!"

"அப்ப இவரு?"

அப்போதுதான் அந்த அடையாள அட்டையை வாசித்தேன். மின்சார சபைக்காரர், மீட்டர் பார்க்க வந்தவர். வழக்கமாக வருபவருக்குப் பதிலாக அன்றுதான் முதன்முதலாக எங்கள் தோட்டத்துக்கு வந்திருக்கிறார். நான் தமிழ் விரதத்தை முறித்துச் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டதும் தமிழ் தெரியாத அவர் முகத்தில் உயிர் வந்தது. போன வாரம் இரண்டு நாள் லைட் இல்லாமல் கிடந்ததற்குத்தான் திட்டுகிறேன் என்று இவ்வளவு நேரம் நினைத்திருந்தாராம்.

"மீட்டரய கோ, மஹத்தயா?" என்று மீட்டர் இருக்கும் இடத்தைப் பரிதாபமாகக் கேட்டார்.

மழைக்குப் பயந்து மீட்டரின் மேல் நானே தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், அடுப்படி வாசலிலிருந்து கீர்த்தனா நிதானமாகச் சொன்னாள்:

"மீட்டர் வெளியில இருக்கு."

லயமே சிரித்தது. மீட்டர்காரரும் சிரித்தார். புனிதா மிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் மட்டும் தீர்மானத்தின்படி சிரிக்கவில்லை. (அழாமல் இருந்ததே பெரிது.)

பிறகு மிஸ் எங்களை உட்கார வைத்துப் பேசினார். "பிள்ளைய யாரும் எங்கயும் கொண்டு போகமாட்டாங்க. பாடசாலையில அவ பேர் இன்னும் இருக்கு. வீட்டுல படிக்கிறத இப்படியே எழுதி வச்சுக்கிட்டு வாங்க. அமைதியான அறை, கூடுதல் நேரம் எல்லாம் நீங்க கேட்டு வாங்க வேண்டியது."

"அதத்தானே மிஸ் இவ்வளவு நேரமாக் கேட்டேன்!"

"மீட்டர் பாக்க வந்தவர்கிட்ட கேட்டீங்க. எங்ககிட்ட ஒரு விண்ணப்பம்கூட வரலையே."

அது உண்மைதான். பொகவந்தலாவை முழுவதற்கும் படிவம் நிரப்பிக் கொடுத்த நான், என் மகளுக்கென்று இரண்டு வருஷமாக ஒரு தாள்கூட எழுதவில்லை. அன்று பின்னேரமே கடையைத் திறந்து, மல்லிகா சொல்லச் சொல்ல எழுதினேன். உரை ஒன்றும் சேர்க்கவில்லை. ஒரே பக்கம்தான்.

இப்போது கீர்த்தனா வாரத்தில் இரண்டு நாள் பாடசாலைக்குப் போகிறாள். நூலகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, அவளுக்கு மட்டும். மற்ற நாட்களில் அம்மாதான் டீச்சர். பதினோராம் வகுப்பின் சாதாரண தரப் பரீட்சைக்குக் கூடுதல் நேரம் கிடைத்துவிட்டதாகப் போன மாதம் கடிதம் வந்தது. புனிதா மிஸ்ஸின் ப்ளவுஸ்களெல்லாம் எங்கள் வீட்டில்தான் தைக்கப்படுகின்றன. இதே போலக் கடிதம் வந்து பயந்து நிற்கும் தாய் தகப்பன் யாராவது கடைக்கு வந்தால், முதலில் தேத்தண்ணி கொடுத்துவிட்டுப் படிவத்தை எடுத்து நீட்டுகிறேன்.

சட்ட வியாதி மட்டும் முழுதாகக் குணமாகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து, மணமக்களின் உரிமைகளும் கடமைகளும் என்று ஆரம்பித்தேன். மூன்றாவது வரிக்குள், காதில் ஹெட்போன் மாட்டியிருந்த என் மகள் முன் வரிசையிலிருந்து எழுந்து நின்றாள்.

"அப்பா, மீட்டர் வெளியில இருக்கு."

மண்டபமே கைதட்டியது. நான் மைக்கை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.