நாலாம் நம்பர் டப்பா

நாலு பேர் நடுவில் வாயைத் திறப்பதைவிட வயிற்றுவலியே தேவலை என்று நினைக்கிற ஆள் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பேச்சு அதற்கும் முன்பே நின்றுவிட்டது. புனேவுக்கு வந்து இத்தனை வருஷமாகியும் பாஜிவாலாவிடம் விரலைக் காட்டித்தான் காய் வாங்குகிறேன். (பேரம் பேசுவதில்லை. அது தனிச் சோகம்.)

அப்படிப்பட்ட நான்தான் போன வருஷம் தமிழ்ச் சங்கத்து வினாடி வினாவில், கேள்வி கேட்கும் முன்பே பதில் சொல்லப் பாய்ந்தவள் என்று பேர் வாங்கினேன்.

என் வீட்டுக்காரர் கட்கியில் தொழிற்சாலை வேலை பார்த்தவர். ரிட்டயரானதும் போனில் வீடியோ பார்த்து, விரல் நீளத்துக்கு ஒரு சர்க்யூட் போர்டு வாங்கி, புரோகிராம் ஏற்றப் பழகிக்கொண்டார். போட்டிக்கு நாலு பட்டன், நாலு விளக்கு செய்தார். யார் முதலில் அழுத்துகிறாரோ அவர் விளக்கு மட்டும் எரியும், மற்றவை அடங்கிவிடும். சரியாக நடந்தால் பொங்கல் விழாப் பெரிய மேடைக்கும் அவரையே கூப்பிடுவதாகச் செயலாளர் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் வேலைக்கு அதுவரை யாரும் கைதட்டியதில்லை. அன்று சட்டையை அவரே இஸ்திரி போட்டுக்கொண்டார்.

பட்டன்களை ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருந்தார். காலையில் அவர் குளிக்கப் போனபோது பார்த்தேன், நாலாவது டப்பாவின் மூடி சரியாக உட்காரவில்லை. உள்ளே அரிசி அளவில், வண்ணக் கோடு போட்ட ஏதோ ஒன்று இரண்டு கம்பிக் காலோடு துருத்திக்கொண்டிருந்தது. வெட்டிப்போட்ட மிச்சம் என்று நினைத்துப் பிடுங்கினேன். மூடி கச்சிதமாக உட்கார்ந்தது. தூக்கிப்போட மனசு வராமல் அந்தத் துண்டைப் பர்ஸில் போட்டுக்கொண்டேன். (வீட்டுக்கு ஒத்தாசை செய்த பெருமை வேறு!)

போட்டிக்கு ஒரு அம்மா வரவில்லை. என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள். நாலாம் நம்பர்!

ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற பெண் மைக்கைப் பிடித்து, "முதல் கேள்வி..." என்றாள். என் விளக்கு எரிந்தது.

"ஆன்ட்டி, நான் இன்னும் கேக்கவே இல்லை!"

கூட்டம் சிரித்தது. கையை மடியில் ஒளித்துக்கொண்டேன். மறுபடி எரிந்தது. மைக் என் மூக்குக்கு வந்தது. "சொல்லுங்க ஆன்ட்டி, என்ன பதில்?" எனக்கு என் பேரே மறந்துபோயிருந்தது.

அவர் ஸ்க்ரூ டிரைவரோடு ஓடிவந்தார். பட்டன் ஒட்டிக்கொண்டதோ என்று மாற்றினார். எரிந்தது. ஒயரை அழுத்திவிட்டார். எரிந்தது. "ஒரு தடவை அழுத்தினா நாலு தடவைன்னு எண்ணிக்கும், அப்படி எண்ணக் கூடாதுன்னுதான் புரோகிராம்ல எழுதிட்டேனே" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். நெற்றி வேர்வை இஸ்திரிச் சட்டையில் சொட்டியது. அப்போதுதான் எனக்குப் பர்ஸ் ஞாபகம் வந்தது.

அவர் குனிந்து கேட்டார். "வேதா, நீ எதாச்சும் தொட்டியா?"

அத்தனை கண்ணும் எங்கள் மேல். "இல்லீங்களே" என்று தலையை ஆட்டினேன்.

"பரவாயில்ல சார், பதில் தெரிஞ்சவங்க கையத் தூக்கட்டும்" என்றார் செயலாளர். என் வீட்டுக்காரர் தனியாக ஒயர்களைச் சுருட்டினார். நான் கையே தூக்காமல் முட்டை வாங்கினேன்.

மூன்று நாள் அவர் பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் காபி டம்ளர் பக்கத்தில் அந்தத் துண்டை வைத்தேன்.

எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ரெசிஸ்டர். பட்டன அமுக்காதப்ப ஒயர சும்மா இருக்க வைக்கிறது இதான். இது இல்லன்னா தானா எரியும். எங்க இருந்துச்சு?"

"பர்ஸுலங்க."

"அங்க... மேடையிலயுமா?"

"ஆமாங்க."

காபியைக் குடித்தார். ஒரு வாரம் கழித்து, மகனிடம் போனில் சொல்லும்போதுதான் சிரித்தார்.

இப்போது எங்கள் வீட்டில் சாவி, கண்ணாடி, பெருங்காய டப்பா எது காணாமல்போனாலும், "மொதல்ல அத்தை பர்ஸைப் பாருங்க" என்கிறாள் மருமகள். எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும்தான். சங்கத்திலிருந்து அவரை அப்புறம் கூப்பிடவே இல்லை என்பதை மட்டும் யாரும் சொல்லிச் சிரிப்பதில்லை.