கவுன்சிலருக்குப் போர்த்திய சால்வை

வாட்டில் ரோடு, மெல்போர்ன்
ஆகஸ்டு 1976

மதிப்பிற்குரிய ஈரோட்டு மாமா அவர்கள் பாதங்களுக்கு, மருமகன் ஈஸ்வரமூர்த்தி விழுந்து கும்பிட்டு எழுதிக்கொள்வது. நானும் தங்கள் மகள் சந்திரகலாவும் சௌக்கியம். தாங்கள், அத்தை, தங்கள் மூட்டுவலி எல்லாம் எப்படியென்று எழுதவும். இனி வருவதைத் தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

எங்கள் தெரு செங்குத்தான இறக்கம். ஜூலை வந்தால் (இங்கே அதுதான் குளிர்காலம், எல்லாமே தலைகீழ்) விடியற்காலையில் தார் மேல் பனி உறைந்து கிடக்கும், மேலே கால் வைத்தவர் கீழே கடைவாசலில்தான் போய் நிற்பார். கவுன்சில்காரர்கள் லாரியில் வந்து பொடிச்சரளை தூவ வேண்டும், இரண்டு வருஷமாகத் தூவவில்லை. போன மாதம் அடுத்த வீட்டு டோரீன் அம்மாள் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். தனிக்கட்டை. நாங்கள் வந்த புதிதில் சந்திரகலா நடுங்குவதைப் பார்த்துத் தன் கோட்டையே கழற்றிக் கொடுத்த புண்ணியவதி. இப்போது பயத்தில் வாசலைத் தாண்டுவதே இல்லை.

கவுன்சில் கூட்டத்துக்குப் போய் எங்கள் வட்டாரக் கவுன்சிலரை நேரில் கேட்டுவிடுவது என்று தெருவே கூடி முடிவுசெய்தது. கேள்வி கேட்கத் தெருவுக்கு ஒருவருக்குத்தான் அனுமதி, அதுவும் மூன்றே நிமிஷம். என் வாய் சும்மா இருந்ததா? "கோயமுத்தூர்ல எத்தனை மேடை பார்த்தவன், எங்கிட்ட விடுங்க" என்று சொல்லிவிட்டேன். மாமா, நம் ஊரில் ஒரு பெரிய மனுஷரை எடுத்தவுடனே கேள்வி கேட்போமா? நான் கூட்டத் தலைவரை வணங்கினேன், கவுன்சிலரை வணங்கினேன், குமாஸ்தாவையும் தேநீர் ஊற்றிய அம்மாளையும் வணங்கினேன். கவுன்சிலரின் அரும்பணிகளைப் பாராட்டினேன். அவர் என்ன பணி செய்தார் என்று எனக்கெப்படித் தெரியும், பொதுவாகத்தான் பாராட்டினேன். பிறகு, தங்கள் அறுபதாம் கல்யாணத்தில் தங்களுக்குப் போர்த்தியதை, குளிருக்கு ஆகட்டும் என்று மீனம்பாக்கத்தில் எனக்குக் கொடுத்தீர்களே, அந்த ஜரிகைச் சால்வையை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டுக் கேள்விக்கு வாயைத் திறந்தேன். மணி அடித்துவிட்டார்கள்.

கவுன்சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பன்னிரண்டு வருஷத்தில் எனக்கு யாரும் நன்றி சொன்னதில்லை" என்றார். வாட்டில் ரோட்டுக்காரர்கள் பரம திருப்தியாக இருப்பதாகத் தலைவர் எழுதிக்கொண்டு, அடுத்ததாக நாய்த் தொல்லையை எடுத்தார்.

வீடு வரும்வரை எல்லோரும் என்னை விட்டு நாலடி முன்னாலேயே நடந்தார்கள். நாங்கள் கைத்தாங்கலாகக் கூட்டிப்போயிருந்த டோரீன் அம்மாள் மட்டும், கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "நல்ல சால்வை" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. தங்கள் மகளோ, "ஏனுங்க, சரளை தூவுனதுக்கப்புறம் போத்தியிருக்கக் கூடாதுங்களா? எங்கப்பா சால்வைங்க அது!" என்றாள். தினமும் காலையில் உட்கார்ந்து உட்கார்ந்து இறக்கத்தில் இறங்கி டோரீன் அம்மாளுக்கு ரொட்டி வாங்கி வருகிறேன். அவர் தினமும் நன்றி சொல்கிறார், எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. ஒரே ஒரு கேள்வி, மாமா, அதைக் கேட்கத் துப்பில்லாமல் போச்சே! இனி என் ஆயுசுக்கும் எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்க மாட்டேன். இது தங்கள் மேல் ஆணை.

அத்தைக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசிகள். சால்வையைத் தொலைத்தவனை மன்னித்து ஒரு வரி எழுதினால் உயிர் வரும்.

தங்கள் முகத்தில் விழிக்கக் கூசும்
ஈஸ்வரமூர்த்தி

பி.கு: ஒட்டிய கவரைக் கிழித்து எழுதுகிறேன். இன்று காலை லாரி வந்தது! டிரைவர் பக்கத்தில் கவுன்சிலரே உட்கார்ந்திருந்தார், குளிருக்குத் தங்கள் சால்வையைக் காதோடு சுற்றிக்கொண்டு. மேலிருந்து கீழ்வரை சரளை கொட்டித் தள்ளிவிட்டார்கள். டோரீன் அம்மாள் தாமே கடைக்கு நடந்துபோய், எனக்கு ஒரு ரொட்டி வாங்கி வந்தார். கொடுத்துவிட்டு, "தெருவிளக்குக்கு யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்?" என்று கேட்டார். கூட்டம் அடுத்த மாதம். உடனே போர்த்துவதற்கு இரண்டு உருப்படி அனுப்பவும். பட்டு வேண்டாம் மாமா, இந்த ஊர்க் குளிருக்குப் பவானி ஜமுக்காளமே போதும்.