நெற்றிப் பொட்டும் வால் முளைத்த சனியும்

நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் பொருளில் கைவைக்கக் கூடாது என்று வகுப்பில் பல தடவை சொல்லியிருக்கிறேன். பௌதிகவியல் ஆசிரியர் சொல்வதைப் பிள்ளைகள் கேட்பதில்லை. நானும் கேட்பதில்லை.

என்னிடம் ஒரு தொலைநோக்கி இருக்கிறது. கனடாவில் இருக்கும் அண்ணை அனுப்பியது. பார்வைக்குத் தடித்த தண்ணீர்க் குழாய் போலிருக்கும். அடியில் ஒரு குழிவாடி, வாயருகே சரிந்து நிற்கும் ஒரு சின்னக் கண்ணாடி, பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்க்க ஒரு துளை. இரண்டு கண்ணாடிகளும் ஒன்றையொன்று சரியாகப் பார்த்துக்கொண்டு நின்றால் வானம் தெளிவாகத் தெரியும். ஒன்று கொஞ்சம் முகத்தைத் திருப்பினாலும் எல்லாம் கலங்கிவிடும். (குடும்பமும் அப்படித்தான். ஆனால் குடும்பத்துக்குத் திருகாணி கிடையாது.)

நான் குருநகர்க் கத்தோலிக்கன். மனைவி சுகந்தி உரும்பிராய்ச் சைவப் பிள்ளை. கலியாணம் முடிந்து ஒரு வருடமும் நாலு மாதமும் ஆகியிருந்தது. அவ்வளவு காலத்திலும் சுகந்தியின் அப்பா, உடுவிலில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் படலையைத் தாண்டி ஒரு அடி வைத்ததில்லை. மாமி வருவார். மாமா அவரைப் படலையடியில் இறக்கிவிட்டு, மோட்டார் சைக்கிளின் சத்தத்தைக்கூட நிறுத்தாமல் திரும்பிவிடுவார். என்னை மருமகன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தொலைபேசியில் மகளிடம், "உவர் நிக்கிறாரோ?" என்று கேட்பார். நிற்கிறேன் என்றால் வைத்துவிடுவார்.

மாமாவுக்கு அப்போது ஏழரைச் சனி. வெங்காயம் அழுகினாலும் சனி, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டர் எரிந்தாலும் சனி. மகள் என்னைக் கட்டியது அந்தச் சனியின் உச்சம் என்பது அவர் முடிவு. (சாதகத்திலும் அப்படித்தான் இருந்ததாம். நான் எங்கே போய் வழக்காடுவது?)

ஒரு நாள் சுகந்தி தொலைபேசியில் அப்பாவிடம் வாய்தவறி, எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றே சனியைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாள்.

"என்னை இந்தப் பாடு படுத்துற ஆளை ஒருக்காப் பாக்கத்தான் வேணும்," என்றார் மாமா. "வாற சனிக்கிழமை பொழுதுபட வாறன்."

அது புரட்டாதிச் சனி, சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்கும் நாள். சுகந்தி தொலைபேசியை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். "வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சுப்போட்டுப் போனாரெண்டால் எனக்குக் காணும்," என்றாள். அதற்காக அவள் எவ்வளவு நாள் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். அந்தத் தேநீருக்காக நான் சனிக்கிரகத்தையே இறக்கிக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்திருப்பேன்.

தொலைநோக்கி வெள்ளிக்கிழமை வரை நன்றாகவே இருந்தது. நட்சத்திரங்களின் ஒரு ஓரத்தில் மட்டும் மெல்லிய கசிவு. என்னைத் தவிர உலகத்தில் எவருக்கும் தெரியாத கசிவு. மாமாவுக்குக் காட்டும் சனியில் ஒரு குறையும் இருக்கக்கூடாது என்று எனக்கு வீறாப்பு வந்தது. சனிக்கிழமை காலையில் குழாயைக் கழற்றினேன்.

கழற்றினவன் நேர்ப்படுத்திவிட்டு மூடியிருக்கலாம். குழிவாடியில் ஒரு வருடத் தூசு படிந்திருந்தது. இணையத்தில் ஒருவர் தன் ஆடியை ஒரு பாத்திரத்தில் சவர்க்காரத் தண்ணீர் விட்டு, குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் மெல்லக் கழுவிக் காட்டியிருந்தார். நானும் கழுவினேன். குழந்தையைக் குளிப்பாட்டும் பக்குவம் எனக்கு இல்லை, உடுப்புத் தோய்க்கும் பக்குவம்தான் இருந்தது. சற்று நேரத்தில் சவர்க்கார நுரையில் ஒரு சின்னக் கடதாசி வளையம் மிதந்தது.

அந்த வளையம் ஆடியின் நடுமையத்தில் ஒட்டியிருந்த அடையாளம். நேர்ப்படுத்துவது முழுக்க அதை நம்பித்தான். துளை வழியாகப் பார்த்து, அந்த அடையாளம் நடுவுக்கு வரும்வரை ஆடியின் பின்னால் இருக்கும் மூன்று திருகாணிகளையும் மாறி மாறித் திருக வேண்டும். அடையாளம் இல்லையென்றால் எதை நடுவுக்குக் கொண்டுவருவது? நான் ஈரக்கையோடு, அந்தக் கடதாசியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"சுகந்தி, உம்மிட்டைப் பொட்டு இருக்கோ?"

"எந்தப் பொட்டு?"

"ஒட்டுற பொட்டு. சின்னன். கறுப்பு."

அவள் ஒரு பொட்டு மட்டையோடு வந்தாள். துவாய் விரித்த கதிரையில் ஆடியைச் சாய்த்து வைத்திருந்தேன். பொட்டை விரல்நுனியில் ஒட்டிக்கொண்டு, எங்கே வைப்பதென்று குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தேன்.

"விடுங்கோ, நான் வைக்கிறன். உது நான் நாளாந்தம் வைக்கிறதுதானே."

குனிந்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், ஒரு நொடியில் வைத்தாள். கறுப்பாக, வட்டமாக, அழகாக இருந்தது. வட்டத்தின் மையத்தைக் கவராயம் வைத்துக் கண்டுபிடிக்கும் முறையைப் பத்து வருடமாகப் படிப்பித்து வந்த நான், அளக்கவில்லை. என் மனைவியின் கைப்பக்குவத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். எங்கள் வீட்டில் அம்மாவோ அக்காவோ பொட்டு வைப்பதில்லை. பொட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

பிறகு தொடங்கியது திருகாணிப் படலம். நான் முன்னால் துளையில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்க, சுகந்தி திருப்புளியோடு பின்னால் குந்தியிருந்தாள்.

"மூண்டாவதை வலப்பக்கம் திருப்பும்."

"என்ரை வலமோ, உங்கடை வலமோ?"

"வலத்திலை என்ன என்ரை, உங்கடை? மணிக்கூடு சுத்துற பக்கம்."

"எந்தப் பக்கத்தாலை பாக்கிற மணிக்கூடு?"

"நீர் எதைத் திருப்பினீர் இப்ப?"

"மூண்டாவதை."

"அது ரெண்டாவதெல்லோ!"

"இஞ்சாலை இருந்து எண்ணினால் அதுதான் மூண்டாவது."

இப்படியே மத்தியானச் சாப்பாடும் போயிற்று. பொட்டு ஒரு நேரம் கிழக்கே ஓடும், ஒரு நேரம் மேற்கே ஓடும், ஒரு நேரம் ஆளையே காணக் கிடைக்காது. நான் கத்தினேன். வெட்கத்தோடு சொல்கிறேன், நன்றாகவே கத்தினேன். ஒருவழியாகப் பொட்டு நடுவுக்கு வந்தபோது மணி நாலு. ஆடியைப் பிடித்திருக்கும் மூன்று கவ்விகளும் துளைக்குள்ளால் தெரியவேண்டும். ஒன்று மட்டும் என்ன செய்தும் தெரியவில்லை. பொட்டே நடுவில் நிற்கும்போது இந்தக் கவ்வி வந்து எனக்குப் படிப்பிக்கத் தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

சுகந்தி திருப்புளியை என் கையில் வைத்தாள். "இனி நீங்களும் அப்பாவும் சனியும் பாத்துக்கொள்ளுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போய் கேத்திலைத் தேய்த்துக் கழுவினாள். மகளின் வீட்டுக்கு முதன்முதல் வரும் தகப்பனுக்கென்று புதுக் கோப்பையும் எடுத்து வைத்தாள்.

பொழுதுபட மாமா வந்தார். முழுகி, திருநீறு பூசி, சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்திருந்தார். படலையைத் தாண்டினார். ஆனால் முற்றத்தோடு நின்றுவிட்டார்.

"தேத்தண்ணி ஊத்தட்டோ அப்பா?"

"வேண்டாம் பிள்ளை. வந்த அலுவலைப் பாப்பம்."

சனி கிழக்கே, பக்கத்து வளவுத் தென்னைக்கு மேலே நின்றது. நான் குழாயைத் திருப்பினேன். மாமா இரண்டு அடி பின்னால் போனார்.

"கோயிலிலையே அவருக்கு நேர நிண்டு கும்பிடுறேல்லை," என்று மகளிடம் சொன்னார். "பக்கத்தாலைதான். நேர பாத்தால் பார்வை பட்டிடும்."

என் வாழ்க்கையில் பௌதிகவியல் எனக்குக் கைகொடுத்த ஒரே தருணம் அதுதான். "இதிலையும் பக்கத்தாலைதான் மாமா பாக்கிறது. துளை பக்கத்திலைதான் இருக்கு."

மாமா குழாயைச் சுற்றி வந்து பார்த்தார். உண்மை. முகம் கொஞ்சம் இளகியது. "நல்ல யோசினைதான் செய்திருக்கிறாங்கள்," என்றார். (அந்த யோசனை என்னுடையது இல்லை. ஆனாலும் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டேன்.) சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு கண்ணை வைத்தார்.

வைத்த கண்ணை எடுக்கவில்லை. நான் சுகந்தியைப் பார்த்துச் சிரித்தேன்.

"வால் இருக்கு," என்றார் மாமா.

"என்ன மாமா?"

"வளையம் எண்டெல்லோ சொன்னவை? இதிலை வால் இருக்கு."

நான் பார்த்தேன். வெண்கட்டியால் எழுதியதை ஈரக்கையால் துடைத்ததுபோல் ஒரு பக்கம் இழுபட்டுக் கிடந்தது சனி. வளையம் இருந்த இடத்தில் ஒரு மங்கல். அதற்குப் பின்னால் நீளமாக, சந்தேகத்துக்கே இடமில்லாமல், வால்.

"சனிக்கு வால் இல்லை," என்றார் மாமா. கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வால் உள்ளவர் கேது. சனியைக் காட்டுறமெண்டு கூப்பிட்டு எனக்குக் கேதுவைக் காட்டிப்போட்டியள்."

"இல்லை மாமா, அது நேர்ப்படுத்தினதிலை ஒரு சின்னப் பிழை..."

"ஏழரை காணாதெண்டோ இதுவும்?"

செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். கோயில் பூட்டமுதல் போய் இதற்கும் ஒரு விளக்கு வைக்கவேண்டுமாம். இனி அவர் இந்தப் படலையைத் தாண்டப்போவதில்லை என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. சுகந்தியின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. நான் காலையில் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: ஒன்றும் செய்யாமல் இருந்திருக்க வேண்டும்.

சுகந்தி ஆற்றாமையில் டோர்ச் லைற்றை எடுத்துக் குழாயின் வாய்க்குள் அடித்தாள். உள்ளே பல்லி ஏதும் புகுந்துவிட்டதோ என்று பார்த்தாளாம். பார்த்தவள் அசையாமல் நின்றாள். பிறகு தன் நெற்றியைத் தொட்டாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள்.

"அப்பா, போகாதேங்கோ. இஞ்சை வாங்கோ."

"என்ன?"

"நான் காலமை கண்ணாடியிலை என்ரை முகத்தைப் பாத்துத்தான் பொட்டு வைச்சனான். நெத்தி தெரிஞ்ச இடத்திலை வைச்சிட்டன். அது கண்ணாடிக்கு நடு இல்லை."

அதுதான் நடந்தது. பதினைந்து வருடமாகக் கண்ணாடியைப் பார்த்துப் பொட்டு வைத்துப் பழகிய கை, கண்ணாடி என்றதும் நெற்றியைத் தேடிப் போயிருக்கிறது. அந்தப் பொட்டை நடுவென்று நம்பி, பாவம், அந்த ஆடியைக் கழுத்துச் சுளுக்கும் வரை திருப்பி வைத்திருக்கிறேன். மறைந்து நின்ற கவ்வி நாலு மணிக்கே எனக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறது.

மாமா செருப்பைக் கழற்றினார். எங்கள் ஈர்க்கு விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவினார். நான் ஆடியைக் கழற்றிக் கதிரையில் வைத்தேன். கண்ணாடியில் முட்டாமல் ஈர்க்கை விளிம்பிலிருந்து பொட்டுவரை பிடித்து, விரலால் அளந்தார்.

"இஞ்சாலை மூண்டு விரல். அங்காலை அஞ்சு." நிமிர்ந்தார். "பௌதிகம் படிப்பிக்கிறவர் அளக்கேல்லையோ?"

நான் பழைய பொட்டை உரித்தெடுத்தேன். மாமா ஈர்க்கை ஆடியின் அகலத்துக்கு முறித்து, சரிபாதியாய் மடித்துப் பிடிக்க, சுகந்தி புதுப் பொட்டு வைத்தாள். எனக்கு டோர்ச் லைற் பிடிக்கும் வேலை தரப்பட்டது. அதையும் சரியாகப் பிடி என்று இரண்டு தடவை சொன்னார்கள்.

ஆடியைத் திரும்பப் பூட்டியதும் திருகாணிகளை மாமா எடுத்துக்கொண்டார். நான் "கொஞ்சம் வலம்" என்றால் கொஞ்சம் வலம் வந்தது. எவருடைய வலம் என்று அவர் ஒரு தடவையும் கேட்கவில்லை. இருபது நிமிடத்தில் மூன்று கவ்விகளும் தெரிந்தன. மாமா சால்வையை மறுபடி இடுப்பில் கட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நின்று பார்த்தார்.

"வளையம்," என்றார். வெகுநேரம் பார்த்தார். "இவ்வளவுதானோ ஆள்?"

"ஓம் மாமா. கனதூரத்திலை நிக்கிறார்."

"பயறங்கொட்டை அளவிலை இருக்கிறார். உவரோ என்ரை மோட்டரை எரிச்சவர்?" கண்ணை எடுத்துவிட்டு யோசித்தார். "பாவம். இவ்வளவு காலமும் உவரையெல்லோ ஏசினன். பிழை உவரிலை இல்லை."

சொல்லிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"பிள்ளை," என்றார் பிறகு, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு. "அந்தத் தேத்தண்ணியை ஊத்து. சீனி கொஞ்சம் கூட."

சுகந்தி உள்ளே ஓடினாள். தேநீர் வர வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. நானும் ஒரு கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தேன். மகிழ்ச்சியில் பாதி, பசியில் பாதி.

அதற்குப் பிறகு மாமா சனிக்கிழமை தவறாமல் வருகிறார். முன்பு மோட்டர் பழுதானால் சனியை ஏசினவர், இப்போது எனக்குத் தொலைபேசி எடுத்து என்னை ஏசுகிறார். பொட்டு வைத்தது சுகந்தி என்பதை இங்கே எழுத்தில் பதிந்து வைக்கிறேன். ஏனென்றால் உரும்பிராயில் சொல்லப்படும் கதையில் வைத்தது நான். திருத்தப் பார்த்தேன். முடியவில்லை.

போன வருடம் எங்களுக்கு மகள் பிறந்தாள். முப்பத்தோராம் நாள், துடக்குக் கழிவுக்கு வீடு நிறைய ஆட்கள். மாமி மையைக் குழைத்துக்கொண்டு, குழந்தைக்கு நாவூறு படாமல் பொட்டு வைக்க வந்தார். மாமா அவர் கையை மறித்தார்.

"இது நடுவிலை வைக்கிற பொட்டில்லை. ஒரு பக்கம் தள்ளி, கன்னத்திலை வைக்கோணும். மருமோனிட்டைக் குடு. தள்ளி வைக்கிற வேலையிலை அவரை அடிக்க ஆளில்லை."

அவர் என்னை மருமகன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சபை முழுக்கச் சிரித்தது. நான் மையைத் தொட்டு, கன்னத்தைக் குறிபார்த்து, விரலைக் கொண்டுபோன நேரம் பார்த்து மகள் தலையைத் திருப்பினாள். பொட்டு நெற்றிக்குச் சரி நடுவில் போய்க் குந்திக்கொண்டது.

மாமா பெருமூச்சு விட்டார். எழுந்து ஈர்க்குத் தேடிப் போனார்.