லிஜின் டிஜிட்டல் என்ற எதிரி

வலையோடு இறங்கிய எதிரி ட்ரோனின் வயிற்றில் ‘லிஜின் டிஜிட்டல், திருமண வீடியோ, கருங்கல்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

சிஜோ அதை இரண்டு தடவை படித்தான். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளுக்கு நடுவே அவன் பறக்கவிட்டது, கம்பெனி ராணுவத்துக்காகச் செய்த வேட்டை ட்ரோன். எதிரி ட்ரோன்மீது வலை வீசிப் பிடித்து இழுத்து வந்துவிடும். வேறு வலை மாட்டி மறுபடி அனுப்பலாம். மூன்று தடவை போய் மூன்று தடவையும் திரும்ப வேண்டும் என்பது இன்றைய சோதனை. தேறாவிட்டால் கம்பெனியில் கடைசியாகச் சேர்ந்தவன் வீட்டுக்குப் போவான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். கடைசியாகச் சேர்ந்தவன் சிஜோ. கத்தாரில் ஒரு வேலை போய், நாகர்கோவிலில் ஒரு வேலை போய், மூன்றாவதாக வாய்த்தது இது. இதுவும் போனால் மனைவி ஜெஸ்மியின் முகத்தில் விழிக்க முடியாது.

எதிரி ட்ரோன்களை ராணுவமே அனுப்பும், எப்போது, எந்தத் திசையிலிருந்து என்று சொல்லமாட்டோம் என்று மேஜர் காலையிலேயே அறிவித்திருந்தார். காற்றாலைக்குக் கீழே நின்று படம் எடுக்க வரும் புதுமணத் தம்பதிகளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

சிஜோ ஸ்டிக்கரைக் கிழித்துச் சட்டைப் பையில் திணித்தான்.

மதுரைக்காரரான மேஜர் கூடாரத்திலிருந்து வந்து வலையை விலக்கிப் பார்த்தார்.

“இது எங்களோடதுதானா?”

“ஆமா சார்.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

பட்டாளத்துக்காரருக்கே தன் சாமான் தெரியவில்லை. கர்த்தர் கைவிடவில்லை என்று நினைத்துக்கொண்டான் சிஜோ. “ஒங்களோடதுதான் சார்.”

“சரி, மறுபடி அனுப்புங்க.”

கால் மணி நேரத்தில் அடுத்ததும் வலையில் வந்தது. அதிலும் அதே ஸ்டிக்கர். போதாததற்கு, மணமக்கள் தலையில் தூவ ரோஜா இதழ் நிறைத்த பை ஒன்றும் தொங்கியது. ஸ்டிக்கரைக் கிழிக்க நேரம் இருந்தது, பையை அவிழ்ப்பதற்குள் மேஜர் வந்துவிட்டார்.

“இதுவும் எங்களோடதா? பூ எதுக்கு?”

“எதிரி ஏமாத்துவான் இல்லியா சார்.”

மேஜர் நோட்டில் எழுதினார். அந்தப் பேனா அசைய அசைய சிஜோவுக்கு உயிர் வந்தது.

வந்த உயிர் நிலைக்கவில்லை. பைக்கில் ஒருவன் மூச்சிரைக்க வந்து இறங்கினான். கழுத்தில் கேமரா.

“அண்ணா, எனக்க ட்ரோன கண்டியளா? ஒண்ணு காணாமப் போச்சு. பூப்பையோட தேடப் பறத்துன இன்னொண்ணையும் காணல்ல. அது அத்தானுக்கது, ஸ்டிக்கர் மட்டும் எனக்கதாக்கும்.” அப்போதுதான் மேசையைப் பார்த்தான். “அய்யோ, எனக்க சாமானம்லா இது!”

“சத்தம் போடாத மக்கா. வைகுன்னேரம் தாறேன். எனக்க சோலி போயிரும்.”

“இது போனா எனக்க சோலியும்லா போவும்! மாப்பிளயும் பெண்ணும் வெயில்ல நிக்காவ அண்ணா.”

சொல்லும்போதே லிஜினுக்குக் கண் கலங்கிவிட்டது. சிஜோவுக்கு வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். எதிரே மேஜர் நின்றார்.

“யார் இவர்?”

“இவரும் ஒங்க ஆளுதான் சார். டார்கெட் பறத்துறவரு” என்றது வாய்.

ரோஜாநிறச் சட்டையில், ஒழுகும் மூக்கோடு நின்ற தன் படைவீரனை மேஜர் தலை முதல் கால் வரை பார்த்தார்.

“அழுறாரே?”

“ரெண்டும் பிடிபட்ட வருத்தம் சார்.”

மேஜர் கடைசியாக ஒரு வரி எழுதி நோட்டை மூடினார். “மூணாவது வேண்டாம். போதும்” என்று சொல்லி நடந்தார்.

இரண்டிலேயே திருப்தி! சிஜோ லிஜினின் கையில் ட்ரோன்களைக் கொடுத்து, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். மேஜரின் ஜீப் டிரைவர் சுந்தர்சிங், திருவட்டாறுக்காரர், மேசையிலிருந்த பிளாஸ்க்கை எடுக்க வந்தார்.

“அண்ணே, பாஸ் போட்டாரா?”

“மிசினு மட்டும் பாசு.” சுந்தர்சிங் அவனைப் பாவமாகப் பார்த்தார். “காத்து கூடுதல்னு எங்க ட்ரோன் ஒண்ணக்கூட நாங்க இன்னும் பெட்டிய விட்டு எடுக்கல்ல மக்கா.”