தைலக்கா மூடியைத் திருகினால்

ஈப்போவில் என்னை நடுங்க வைத்தவர்கள் மூன்று பேர்: வருமான வரி அதிகாரி, பல் மருத்துவர், தைலக்கா. முதல் இருவரிடமும் வேறு தேதி கேட்கலாம்.

என் மகள் யாழினியை ஏழு வயதில் டேக்வாண்டோ வகுப்பில் சேர்த்தேன். பள்ளியில் நான் வாங்கிய அடிகளுக்கு அடுத்த தலைமுறையாவது பதில் சொல்லட்டும் என்ற உயர்ந்த நோக்கம். வகுப்பு ஜெலாப்பாங்கில், ஒரு கடைவீட்டின் மாடியில். கீழே, சீனர்கள் இறந்தவர்களுக்காக எரிக்கும் காகிதச் சாமான்கள் விற்கும் கடை. காகித பங்களா, காகிதக் கார், வாசலில் ஆளுயரத்துக்கு இரண்டு காகித வேலைக்காரர்கள். அவர்களுடைய சிரிப்பைத் தாண்டித்தான் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகள் படியேற வேண்டும்.

மேலே ரப்பர் விரிப்பு போட்ட கூடம். சுவரோரம் பெற்றோருக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகள். பிள்ளைகள் பதினொருவர், பிள்ளைக்கு ஒருவராக உட்காருவோம். ஆனால் நிரம்பும் நாற்காலிகள் பன்னிரண்டு. கதவிலிருந்து மூன்றாவதில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், கையில் சின்னத் தைலப் புட்டியோடு இருப்பார். அதனால் எங்களுக்கு அவர் தைலக்கா. நாங்கள் வரும்போதும் இருப்பார், போகும்போதும் இருப்பார். அவர் படியேறிப் பார்த்தவர் கிடையாது. எந்தப் பிள்ளை அவருடையது என்று முதல் வாரமே கேட்டிருக்க வேண்டும். ஆறு மாதம் பார்த்துப் பார்த்துச் சிரித்துவிட்டு ஏழாம் மாதம் கேட்டால் மரியாதையாக இருக்காது.

சிக்கல் அந்தப் புட்டியில் இருந்தது. ஒரு பிள்ளை அடிபடுவதற்குச் சற்று முன்பு அவர் மூடியைத் திருகுவார். பின்பு அல்ல, முன்பு. 'கிறுக்' என்று ஒரு சத்தம், கற்பூர வாசனை. பத்து எண்ணுவதற்குள் யாராவது மூக்கைப் பிடித்துக்கொண்டு அலறுவார்கள். அதற்குள் அவர் எழுந்து பாதி தூரம் நடந்திருப்பார். செமோரில் உணவகம் வைத்திருக்கும் நசீர் பாயின் மகனுக்குக் கை பிசகிய அன்று, பையன் இன்னும் காலைத் தூக்கவேயில்லை. புட்டி திறந்துவிட்டது.

அதன்பின் நாங்கள் பிள்ளைகளைப் பார்ப்பதை விட்டு மூடியைப் பார்க்க ஆரம்பித்தோம். நசீர் பாய் மாஸ்டரிடம் புகார் சொன்னார். அந்த அம்மாள் வந்ததிலிருந்து தன் முதலுதவிப் பெட்டிக்கு வேலையே இல்லை என்று மாஸ்டர் மகிழ்ச்சியாகச் சொன்னாராம்.

"அந்த அக்கா வரப்போறத பாக்கறாங்களா, இல்ல வர வைக்கறாங்களா? அதான் எனக்கு தெரியணும்லா, அண்ணே" என்றார் பாய் என்னிடம்.

நான் பகுத்தறிவு நூல்களை ஓர் அலமாரி நிறைய வைத்திருப்பவன். "தற்செயல் பாய்" என்று சொல்லிவிட்டு, என் நாற்காலியை இரண்டு இடம் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

பிள்ளைகளுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. மஞ்சள் பெல்ட் தேர்வுக்குப் போகும் வழியில், காரில் யாழினி கேட்டாள்: "அப்பா, இன்னிக்கு அக்கா தொறப்பாங்களா?"

"தெரியலம்மா."

"நான் போறப்ப தொறந்தா கூப்பிடுங்க. வந்துடறேன்."

கூப்பிடுவதாகச் சத்தியம் செய்தேன். பலகையைக் காலால் உடைக்க வேண்டும். சென்ற முறை உடைக்க முடியாமல் அழுதிருந்தாள். இந்த முறையும் முடியாவிட்டால் வகுப்புக்கே வரமாட்டேன் என்று வீட்டில் அறிவித்திருந்தாள்.

மழையில் கார் நிறுத்த இடம் கிடைக்காமல் தாமதமாகப் போனோம். காலியாக இருந்தது ஒரே நாற்காலி, தைலக்காவுக்குப் பக்கத்தில். கடைசியாக வருபவருக்கு மிஞ்சுவது எப்போதும் அதுதான். உட்கார்ந்தேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. டியூப் லைட் இருமுறை கண் சிமிட்டியது. யாழினியின் முறை வந்தது. மாஸ்டர் பலகையைப் பிடித்தார். அவள் குனிந்து வணங்கினாள்.

கிறுக்.

கற்பூர வாசனை. விரிப்பின் மேல் என் மகளைத் தவிர வேறு பிள்ளை இல்லை. பத்துப் பெற்றோரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். கூப்பிட்டால் பெல்ட் போயிற்று. கூப்பிடாவிட்டால் கால் போயிற்று. வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. குரலுக்குப் பதிலாகக் கால்கள் கிளம்பின.

காலில் காலுறை. விரிப்போ மழை ஈரத்தில் வழவழவென்று இருந்தது. நான் அந்தரத்தில் இருந்தபோது பலகை உடையும் சத்தம் கேட்டது. அடுத்த சத்தம் என் முட்டி.

கண் திறந்தபோது மேலே மின்விசிறி, அதற்குக் கீழே தைலக்காவின் முகம். உள்ளங்கையில் தைலம் தயாராக இருந்தது.

"ஒங்களுக்குத்தான் தம்பி தொறந்தேன்."

பக்கத்தில் யாழினி இரண்டு துண்டுப் பலகையோடு நின்றாள். "ஏன்ப்பா ஓடி வந்தீங்க? நான் ஒடச்சிட்டேன்லா."

தைலக்கா முட்டியைத் தேய்த்துக்கொண்டே பேசினார். முன்பு சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தாய்மார்கள் பால்மரம் வெட்டப் போனபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் வேலை செய்தாராம். "நாப்பது புள்ளைங்க, நான் ஒருத்தி. விழப்போற புள்ள ஒரு மாதிரி மூச்ச புடிக்கும், தம்பி. பாப்பா நல்லாத்தான் மூச்சு விட்டுச்சு. நீங்கதான் உக்காந்ததுலேருந்து புடிச்சிக்கிட்டே இருந்தீங்க."

படுத்திருந்தவனுக்கு என்ன மரியாதைக் குறைவு? கேட்டுவிட்டேன். "இதுல ஒங்க புள்ள எது, அக்கா?"

அவர் மூடியைத் திருகிக்கொண்டே, வெள்ளை உடையில் நின்ற வரிசையை மோவாயால் காட்டினார். எண்ணினேன். யாழினியையும் சேர்த்துப் பதினொன்று. நசீர் பாயும் விரல் நீட்டி எண்ணினார். பன்னிரண்டு என்று இன்றைக்கும் சாதிக்கிறார். நான் இரண்டாம் முறை எண்ணவில்லை.

அடுத்த மாதம் வகுப்பு வேறு கட்டடத்துக்கு மாறியது. தரைத்தளம், நல்ல வெளிச்சம், அக்கம்பக்கத்தில் காகித வேலைக்காரர்கள் இல்லை. தைலக்காவுக்குச் சொல்லலாம் என்றால், அவருடைய பெயரோ தொலைபேசி எண்ணோ எங்களில் ஒருவரிடமும் இல்லை. முதல் நாள் பதினோரு நாற்காலிகள்தான் போட்டிருந்தார்கள். நசீர் பாய் உள்ளே போய் இன்னொன்றைத் தூக்கி வந்து, கதவிலிருந்து மூன்றாவதாகப் போட்டார்.

அது காலியாகவே இருக்கிறது. யாழினி காலைத் தூக்கும்போதெல்லாம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்க்கிறேன். முன்பு அந்தச் சத்தம் கேட்டால் பயமாக இருந்தது. இப்போது, கேட்காததால்.